முட்டைப் பந்தும் சடுகுடு கால்களும்

காணும் பொங்கல் சாயங்காலம் பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்கள் பக்கம் போனால் ஒரு காட்சி கண்ணில் படாமல் போகாது. கோயில் திடலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். நாலு மூலையிலும் லைட். மைக்கில் ஊர் அண்ணன் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாடிப் போகிற பையனுக்குப் பதினாலு வயதுகூட இருக்காது. அவனைச் சுற்றி ஏழு பேர். ஒருவன் கணுக்காலுக்குக் குனிகிறான், இன்னொருவன் இடுப்புக்குப் பாய்கிறான். பையன் தோளை ஒரு பக்கம் காட்டி இடுப்பை மறுபக்கம் திருப்பி, வழுக்கிக்கொண்டு கோட்டைத் தொட்டுவிடுகிறான். கூட்டம் விசில் அடிக்கிறது. பரிசு ஓர் எவர்சில்வர் குடம், இல்லையென்றால் ஆயிரமோ இரண்டாயிரமோ ரொக்கம்.

தோளைக் காட்டி இடுப்பைத் திருப்பும் அந்த அரை நொடி வித்தையைக் கற்றுக்கொடுக்க சில நாடுகளில் தனியாகக் கோச் வைத்திருக்கிறார்கள். அங்கே பையன் கையில் ஒரு பந்து இருக்கும். உருண்டையாக இருக்காது, நீள்வட்டமாக, பெரிய முட்டை மாதிரி இருக்கும். ஆட்டத்தின் பெயர் ரக்பி.

"அது வெள்ளைக்காரன் ஆட்டமாச்சே, நமக்கும் அதுக்கும் என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, புவனேஸ்வர் விடுதி ஒன்றில் படித்த பன்னிரண்டு பையன்களின் கதையிலிருந்து தொடங்கலாம்.

லண்டன் போன பன்னிரண்டு பேர்

ஒடிசா தலைநகர் புவனேஸ்வரில் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம் என்றொரு உறைவிடப் பள்ளி இருக்கிறது. சுருக்கமாக 'கிஸ்' என்பார்கள். அச்யுதா சமந்தா 1990-களின் தொடக்கத்தில் சிறிய அளவில் ஆரம்பித்தது. பழங்குடிக் குழந்தைகளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம். இன்று பல்லாயிரம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

இந்தப் பள்ளிக்கு ரக்பி வந்த வழி கொல்கத்தா. அங்கே பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தில் வேலை பார்த்த பால் வால்ஷ் என்பவர் தெருவோரப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்து ரக்பி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படி உருவானதுதான் 'ஜங்கிள் க்ரோஸ்' கிளப். பெயருக்கு அர்த்தம் காட்டுக் காக்கைகள். அந்தக் காக்கைக் கூட்டத்தின் தொடர்பில்தான் கிஸ் பள்ளிக்குள் முட்டைப் பந்து நுழைந்தது. ருத்ரகேஷ் ஜெனா பயிற்சியாளராக நின்றார்.

2007-ல் பதினாலு வயதுக்கு உட்பட்ட பள்ளி அணிகளுக்கான சர்வதேச ரக்பி போட்டி லண்டனில் நடந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட கிஸ் அணி விமானம் ஏறியது. எதிரே வந்தவர்களில் ரக்பியை ரத்தத்தோடு ஊறவைத்திருக்கும் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. இறுதி ஆட்டத்தில் எதிரணி தென்னாப்பிரிக்கா. அதே 2007-ல்தான் தென்னாப்பிரிக்கப் பெரியவர்கள் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது என்பதை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பையோடு திரும்பியவர்கள் ஒடிசாப் பையன்கள்.

இந்தக் கதை 'ஜங்கிள் க்ரை' என்ற படமாகவும் வந்தது. சாகர் பல்லாரி இயக்கம், அபய் தியோல் நடிப்பு, 2022-ல் ஓ.டி.டி-யில் வெளியானது. சினிமா என்பதால் அழுகை, சண்டை, பின்னணி இசை எல்லாம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் படம் பார்ப்பவர்கள் பொதுவாகக் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பையன்கள் லண்டன் போவதற்கு முன்பே யாரோ ஒருவர் அவர்களுக்கு மூன்று வேளை சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஷூ வாங்கிக்கொடுத்தார். பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட்டுக்குப் பணம் கட்டி அனுப்பினார்.

ஓடுகிற கால் ஒடிசாவில் மட்டும் இல்லை. பாகூர் ஏரிக்கரையிலும் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேருக்குக் கூடுதலாகக் கிடைத்தது செலவை ஏற்க ஒரு கை. ரக்பியின் வரலாற்றைப் புரட்டினால், அந்த ஆட்டமே ஒருமுறை இந்தச் செலவுக் கணக்கில்தான் இரண்டாக உடைந்திருக்கிறது.

ஆறு ஷில்லிங் சண்டை

ரக்பியில் இரண்டு முக்கிய வகை உண்டு. யூனியன், லீக். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஏன் இரண்டு?

19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் ரக்பி ஆடியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள், பஞ்சாலைத் தொழிலாளர்கள். ஆட்டம் சனிக்கிழமை நடக்கும். சனிக்கிழமை என்பது அவர்களுக்கு வேலை நாள். ஆடப் போனால் அரைநாள் கூலி போச்சு. அடிபட்டால் வாரக் கூலியே போச்சு. "இழந்த கூலியையாவது கொடுங்கள்" என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. தெற்கில் ஆட்டத்தை நிர்வகித்த பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. காசுக்காக ஆடுவது விளையாட்டுக்கு அழகல்ல என்றார்கள். வீட்டில் சொத்து இருப்பவர்கள் இப்படிச் சொல்வது சுலபம்.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். 22 கிளப்புகள் பிரிந்து தனி அமைப்பு தொடங்கின. வேலையை விட்டு ஆட வருபவருக்கு ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் வரை ஈட்டுத்தொகை தரலாம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிரிவுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. இங்கேயும் பஞ்சாலை இருந்தது, சங்கு ஊதியது, கூலிக்கும் வேலை நேரத்துக்கும் போராட்டம் நடந்தது. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்த பிறகுதான் எட்டு மணி நேர வேலை என்பது பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. தாத்தா மில்லில் வேலை பார்த்த வீடுகளில், அரைநாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பில் என்ன குறையும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

பிரிந்துபோன லீக்காரர்கள் ஆட்டத்தையும் மாற்றினார்கள். பார்க்க வரும் கூட்டம்தான் வருமானம் என்பதால் வேகம் வேண்டும். 1906-ல் ஆட்களை 15-லிருந்து 13 ஆகக் குறைத்தார்கள். மைதானத்தில் இடம் கிடைத்தது, ஓட்டம் கூடியது. பந்து வைத்திருப்பவரை எதிரணி பிடித்து நிறுத்திவிட்டால், அவர் எழுந்து பந்தைக் காலடியில் வைத்துப் பின்னால் இருக்கும் கூட்டாளிக்குக் காலால் உருட்ட வேண்டும். ஆட்டம் தொடரும். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது பிடிக்குப் பிறகு பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்துவிடுவார்கள்.

கபடி பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். புரோ கபடியில் இரண்டு ரைடு பாயின்ட் இல்லாமல் திரும்பினால் மூன்றாவது 'டூ ஆர் டை'. போய் எதையாவது எடுத்துக்கொண்டு வா, இல்லையென்றால் அவுட். லீக்கில் ஆறாவது பிடி என்பது அதே நெருக்கடிதான்.

பிரான்ஸோடு தொடர்புள்ள ஊர் என்பதால் இன்னொரு கிளைக்கதையும் சொல்லலாம். பிரான்ஸில் லீக் ஆட்டம் 1930-களில் நன்றாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்ததும் விஷி நகரில் மார்ஷல் பெத்தான் தலைமையில் ஓர் அரசு அமைந்தது. அந்த அரசு 1941-ல் ரக்பி லீக்கைத் தடை செய்து, அதன் சொத்துகளையும் பறிமுதல் செய்தது. போர் முடிந்து தடை போனாலும், 'ரக்பி' என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கிடைக்கவில்லை. 'ஜே அ த்ரேஸ்', அதாவது பதின்மூவர் ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டார்கள். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் இருந்தால் 'த்ரேஸ்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். (அதே சமயத்தில் புதுச்சேரி விஷி பக்கம் நிற்கவில்லை. 1940 செப்டம்பரிலேயே தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டது.)

பெயர் பறிக்கப்பட்ட அந்த அணி 1951-ல் ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுப்பயணம் போனது. லீக்கில் அசகாய சூரர்களான ஆஸ்திரேலியர்களை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று டெஸ்ட் தொடரில் தோற்கடித்தது. அந்த அணியின் புல்பேக் புய்க்-ஓபேர், ஆட்டத்துக்கு நடுவே சிகரெட் பிடிப்பார் என்பதற்காகவே பிரபலம். பிள்ளைகள் அந்தப் பகுதியை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

வெளியூர்க்காரன் வந்தால்

சுற்றுப்பயணம் வரும் அணி என்பது ரக்பியில் பெரிய சங்கதி. டி.வி. இல்லாத காலத்தில், பலமான அணி ஒன்று கப்பலில் வந்து இறங்கினால்தான் உள்ளூர்க்காரனுக்குத் தன் உயரம் தெரியும். 1950-ல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி வழியில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு ஓர் ஆட்டம் ஆடியது. இலங்கை படுதோல்வி. ஆனால் இலங்கையில் ரக்பி படுத்துவிடவில்லை. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயத்துக்கு இன்றைக்கும் கூட்டம் அலைமோதுகிறது. அங்கே ரக்பி பள்ளிக்கூடத்து ஆட்டம். இந்தியாவில்தான் அது கிளப் சுவருக்குள்ளேயே ரொம்ப காலம் கிடந்தது.

இத்தனைக்கும் இந்தியாவுக்கு அது சீக்கிரமே வந்த ஆட்டம். 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் முதல் ஆட்டம் நடந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய கல்கத்தா கிளப் சில வருடங்களிலேயே ஆள் இல்லாமல் மூடப்பட்டது. வங்கிக் கணக்கில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்று நாகப்பாம்பு, மூடியில் ஒரு யானை. அதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். 1879 முதல் இன்று வரை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்வது இந்தக் 'கல்கத்தா கோப்பை'க்குத்தான். நம் ரூபாயை உருக்கிச் செய்த கோப்பை, நம் பிள்ளைகள் ஆடாத ஆட்டத்துக்கு.

அந்த நிலை மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு 2025 ஆகஸ்டில் ஓர் அடையாளம் கிடைத்தது. இடம் டெல்லியோ மும்பையோ இல்லை. பீகாரின் ராஜ்கிர். புத்தர் நடந்த ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். அங்கே 20 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசிய ரக்பி செவன்ஸ் போட்டி நடந்தது. வெளிநாட்டு இளைஞர் அணிகள் அந்த ஊர் தேடி வந்தன.

செவன்ஸ் என்பது அணிக்கு ஏழு பேர் ஆடும் குட்டி ரக்பி. கபடியிலும் ஏழு பேர்தானே! மைதானம் மட்டும் முழு அளவு. பாதிக்கு ஏழு நிமிடம், மொத்தம் பதினாலே நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். சின்ன ஆட்டம்தானே என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அவ்வளவு பெரிய மைதானத்தை ஏழே பேர் காப்பாற்ற வேண்டும். ஒருத்தி ஒரு பிடியைத் தவறவிட்டால் பின்னால் யாரும் இல்லை, எதிராளி நேரே கோட்டுக்குப் போய்விடுவாள். 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது இந்த வகைதான்.

ராஜ்கிரில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானை 12-5 என்று வீழ்த்தியது. ஸ்கோரைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லையா? எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'டிரை', ஐந்து பாயின்ட். அதன் பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் கூடுதலாக இரண்டு. 12 என்றால் பெரும்பாலும் இரண்டு டிரை, ஒரு உதை. 5 என்றால் ஒரே ஒரு டிரை. அதாவது இரு அணிகளுக்கும் இடையே இருந்தது ஒரு ஓட்டமும் ஒரு உதையும்தான். பதினாலு நிமிடத்தில் யாராவது ஒருத்தி ஒருமுறை வழுக்கியிருந்தால் கதை வேறு.

பீகாரில் இது திடீரென்று நடந்துவிடவில்லை. பாட் என்ற சிற்றூரில் ஓட்டப்பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்வீட்டி குமாரி, ரக்பிக்கு மாறி இந்திய அணிக்குள் வந்தார். 2019-ல் பெண்கள் ரக்பிக்கான இணையதளமான ஸ்க்ரம்குவீன்ஸ் அவரை அந்த ஆண்டின் சர்வதேச இளம் வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. அவரைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண், அவளைப் பார்த்து அதற்கடுத்த தெரு. ராஜ்கிரில் அரசு பெரிய விளையாட்டு வளாகம் கட்டியது. 'மெடல் கொண்டு வா, வேலை வாங்கிக்கொள்' என்று பீகார் அரசு ஒரு திட்டமே வைத்திருக்கிறது. இந்தியில் அடுக்குமொழியாக அழகாக இருக்கும் அந்தப் பெயர், அங்கே அப்பா அம்மாக்களிடம் எந்தக் கோச்சையும்விட நன்றாகப் பேசும்.

கிஸ் பள்ளியும் 2007-ஓடு நிற்கவில்லை. அங்கே பெண்களும் ரக்பிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் சுமித்ரா நாயக். 2019 ஜூன் மாதம் மணிலாவில் 15 பேர் ஆடும் முழு வகை ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை எதிர்கொண்டார்கள். அதுவரை அந்த வகையில் இந்தியப் பெண்கள் ஒரு சர்வதேச ஆட்டம்கூட வென்றதில்லை. ஆட்டம் முடிய ஒரு சில நிமிடம் இருக்கும்போது இந்தியா பின்தங்கியிருந்தது. பெனால்டி கிடைத்தது. சுமித்ரா உதைத்தார். 21-19. முதல் வெற்றி.

பெனால்டி உதை என்பது அந்த ஆட்டத்தின் மிகத் தனிமையான வேலை. மற்ற 29 பேரும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு வெறும் தைரியம் போதாது. அதே உதையை ஆயிரம் முறை பழகியிருக்க வேண்டும். பழக ஒரு மைதானம் வேண்டும், மாலை நேரம் ஓய்வாக வேண்டும், வீட்டு வேலைக்குக் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

அம்மாக்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

வில்லியனூர் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை "ரக்பி ஆடப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் வரக்கூடிய முதல் கேள்வி, "கை கால் உடைஞ்சா?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது.

ரக்பியில் அடி படும். கபடியிலும் படும், முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ரக்பியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தலை. அதனால்தான் கழுத்து, தலை பக்கம் பிடித்தால் கடும் தண்டனை. நல்ல பயிற்சியாளர் முதலில் சொல்லிக்கொடுப்பது ஓட்டத்தையோ பாஸையோ அல்ல, பிடிக்கும்போது தன் தலையை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்பதையும் கீழே விழுவது எப்படி என்பதையும்தான். சின்னப் பிள்ளைகள் நேரடியாகப் பிடி ஆட்டத்துக்குப் போகக் கூடாது. இடுப்பில் ஒட்டும் பட்டையில் இரண்டு நாடா தொங்கவிட்டு, அதை உருவினாலே பிடிபட்டதாகக் கணக்கு வைக்கும் 'டேக் ரக்பி' இருக்கிறது. கையால் தொட்டாலே போதும் என்ற 'டச் ரக்பி'யும் இருக்கிறது. பல்லுக்கு மவுத் கார்டு கட்டாயம்.

ஒன்று மட்டும் எந்த ஆட்டமானாலும் ஞாபகம் இருக்கட்டும். தலையில் அடிபட்ட பிள்ளை தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, என்ன ஸ்கோர் என்று தெரியவில்லை என்றால், அன்றைக்கு ஆட்டம் அத்தோடு முடிந்தது. "சோடா குடிச்சுட்டு போய் ஆடு" என்று அனுப்பக் கூடாது. டாக்டரிடம்தான் போக வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகே மறுபடியும் மைதானம்.

இரண்டாவது கேள்வி, "சோறு போடுமா?" 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டு தொழிலாளியின் மனைவியும் இதைத்தான் கேட்டிருப்பார்.

இங்கே ஒரு தகவல் பல பெற்றோருக்குத் தெரியாது. மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் எந்தெந்த ஆட்டங்கள் செல்லும் என்று ஒரு பட்டியல் உண்டு. 43 ஆக இருந்த அதை 2020-ல் 63 ஆக உயர்த்தினார்கள். புதிதாகச் சேர்ந்த 20-ல் ரக்பியும் ஒன்று. கயிறு இழுத்தல், மல்லர் கம்பமும் அப்போதுதான் சேர்ந்தன. ஒதுக்கீட்டில் வேலை என்பது கோயில் திடல் கோப்பையால் கிடைக்காது. தேசிய, சர்வதேச, பல்கலைக்கழக அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும். ஆனால் கிரிக்கெட்டில் அந்தச் சான்றிதழுக்கு லட்சம் பேர் வரிசையில் நிற்கும்போது, ரக்பியில் வரிசை சிறியது. சிறிய வரிசையில் சீக்கிரம் நின்றவனுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கபடியில் ஆடி ரயில்வேயிலும் போலீஸிலும் வேலைக்குப் போன முந்தின தலைமுறைக்கு இந்தக் கணக்கு தெரியும்.

காசு வரும் வழி ஒன்றும் புதிதாகத் திறந்திருக்கிறது. 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. ஆறு நகர அணிகள், செவன்ஸ் ஆட்டம், வெளிநாட்டு நட்சத்திரங்களோடு இந்திய வீரர்கள். கோப்பையை வென்றது சென்னை புல்ஸ். இறுதி ஆட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று துவைத்து எடுத்தது. ஐ.பி.எல்-லில் சென்னை தோற்றால் நெஞ்சு வலிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கோப்பை தெரியும்? 41-0 ஜெயித்த சென்னை அணிக்கு ஊர்வலம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்னும் ரக்பியை மைக் பிடித்துச் சொல்ல ஊர் அண்ணன் கிடைக்கவில்லை.

பாகூரில் தொடங்க என்ன வேண்டும்?

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்று திரும்பியபோது, அவர் பயிற்சி எடுத்த இடத்தின் நிலைமை பற்றித்தான் அத்தனை பேரும் பேசினார்கள். தங்கம் வந்த பிறகு மைதானத்தைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். வரிசையை மாற்றிப் பார்க்கலாம்.

ரக்பிக்கு முதலில் பெரிய செலவு கிடையாது. நாலு பந்து. நாடா கட்டும் பட்டைகள், அல்லது பழைய சட்டைத் துணியைக் கிழித்து இடுப்பில் செருகினாலும் ஆரம்பத்துக்குப் போதும். கல், கண்ணாடி இல்லாத புல் தரை அல்லது மிருதுவான மண் தரை. அறுவடை முடிந்த வயலில் ஆட வேண்டாம், தாள் குத்திக் காலைக் கிழித்துவிடும். பள்ளி மைதானம் நல்லது. ஏற்கனவே கபடி சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் பாதி வேலை முடிந்தது, பிடிப்பதையும் விழுவதையும் அவர் பிள்ளைகள் அறிவார்கள். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுதான், பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். முன்னே ஓடிக்கொண்டே பின்னால் கொடுப்பது என்பது முதல் ஒரு வாரம் தலையைச் சுற்றவைக்கும். பந்து எதிராளி கையில் போய் விழும், எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் கை பழகிவிடும்.

செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஸ்டட் வைத்த ஷூ. வளரும் பிள்ளைக்கு வருடம் ஒரு ஜோடி. முட்டை, பால், கடலை. வெளியூர்ப் போட்டிக்கு வேன் வாடகை. சனிக்கிழமை அப்பாவோடு நாற்று நடவுக்கோ பெயின்ட் வேலைக்கோ போகிற பையன், அன்றைக்கு ஆட வந்தால் வீட்டுக்கு விழும் துண்டு. இந்தக் கடைசி வரியை எந்தக் கிளப்பும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. ஆட்டத்தை விட்டு நின்றுபோன பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்கள். வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு ஆறு ஷில்லிங் என்று விலை எழுதினார்கள். புவனேஸ்வரில் விடுதிச் சாப்பாடு அந்த வேலையைச் செய்தது. பீகாரில் அரசு வேலை என்ற வாக்குறுதி செய்கிறது.

பாகூரிலும் வில்லியனூரிலும் காணும் பொங்கல் கபடிக்கு ஊர்க்காரர்கள் வசூல் செய்து லைட் போடுகிறார்கள், குடம் வாங்குகிறார்கள், பந்தல் போட்டுச் சோறு ஆக்குகிறார்கள். வருடத்தில் ஒருநாள் அந்த நோட்டில் பெயர் எழுதுகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அடுத்த தை மாத நோட்டில் குடத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்க இடம் இருக்கிறது: பந்து நான்கு, சனிக்கிழமைக் கூலி பதினான்கு பேருக்கு.